மணப்பொண்ணு நெறமும் ஒரு ஸ்கிரிப்ட்டும்

இந்த வாரம் பூரா மனசு நிறைஞ்சு கெடக்குது. ரெண்டு காரணம். ஒண்ணு, ஒரு அம்மா சொன்ன வார்த்தை. இன்னொண்ணு, அந்த வார்த்தைக்காகவே நான் எழுதுன ஒரு ஸ்கிரிப்ட்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் பாலசமுத்திரத்துல வீட்டு முன்ரூம்ல கம்ப்யூட்டர் போட்டு ஆல்பம் டிசைனிங் பண்றவன். (பழனிக்குத் தெக்கால, மலையடிவாரம். பாலாறு-பொருந்தலாறு அணை பக்கத்துலதான். கல்யாண ஜோடிங்க அவுட்டோர் எடுக்க அந்தப் பக்கம் போறதைத் தையில இருந்து பார்த்துட்டே இருக்கலாம்.) பழனி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி பக்கத்து போட்டோகிராபருங்க ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டாந்து குடுப்பாங்க. நான் ஷீட் போட்டு லேபுக்கு அனுப்புவேன்.

அந்த அம்மா வந்தது ஏற்கெனவே வேற ஒருத்தர் டிசைன் பண்ணி முடிச்ச ஆல்பத்தோட. பிரிண்ட் போறதுக்கு முன்னாடி போன்ல மாதிரி அனுப்பியிருக்காங்க. அதைப் பார்த்துட்டு நேரா ஹார்ட் டிஸ்க்கை வாங்கிட்டு எங்கிட்ட வந்துட்டாங்க.

"தம்பி, எம் பொண்ணு இந்த நெறம் இல்ல. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்குறா. அவ நெறத்துக்கே விட்டுருங்க. நாளைக்கு அவ புள்ளைங்க பார்த்தா இது யாருன்னு கேக்கும்."

இந்தத் தொழில்ல "கொஞ்சம் கலர் தூக்கி விடுங்க"ன்னு சொல்லாத வீடே கெடையாது. "கலரை எறக்குங்க"ன்னு ஒரு அம்மா சொல்லி இதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த வேலையைச் சும்மா ஒப்பேத்தக் கூடாதுன்னு.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். பி.எஸ்.டி தான் (லேயரெல்லாம் பிரிச்சே இருக்குற போட்டோஷாப் ஃபைல்), நல்லவேளை. 12க்கு 36 இஞ்சு ஷீட். ஒவ்வொரு ஷீட்லயும் அஞ்சாறு படம். ஒவ்வொரு படத்துக்கு மேலயும் ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர். முகத்துக்கும் கைக்கும் மட்டும் பதியிற மாதிரி மாஸ்க் போட்டு, அழகா குரூப் கட்டி, பேரெல்லாம் வெச்சு விட்டிருந்தார் அந்த டிசைனர். முகத்தை வெளுத்தது வேற விஷயம். ஆனா வேலையை லேயராவே வெச்சிருந்தார் பாருங்க, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. எல்லாத்தையும் ஃப்ளாட்டன் பண்ணி ஜேபெக்கா மட்டும் குடுத்திருந்தா, அந்தப் பொண்ணோட நெறம் அந்த ஃபைலுக்குள்ள எங்கயுமே இருந்திருக்காது.

இங்க கொஞ்சம் நின்னு விளக்கிடறேன். டிசைனிங் தெரியாதவங்களும் படிக்கிறீங்கல்ல.

படத்துல ஒரு பிக்சல்ங்கிறது மூணு எண்ணு. சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும். நேரா படத்து மேலயே வெளுப்பைக் கூட்டுனா அந்த எண்ணு மாறிப் போயிடும், பழைய எண்ணு போனது போனதுதான். அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் அப்படி இல்ல. அதுக்குள்ள படமே கெடையாது. "கீழ இருக்குற எண்ணு 128-ஆ வந்தா 168-ஆ காட்டு"ங்கிற உத்தரவு மட்டும்தான் இருக்கு. கர்வ்ஸ்ல நாம இழுத்து வெக்கிற புள்ளிங்க அந்த உத்தரவுதான். ஒரு வளைவுல 14 புள்ளி வரைக்கும் வெக்கலாம். லேயரோட கண்ணை மூடுனா அசல் படம் அப்படியே கீழ இருக்கும். 1996-ல போட்டோஷாப் 4.0-ல இது வந்துச்சு. ஆக்‌ஷன்னு சொல்றோமே, ஒரு வேலையைப் பதிஞ்சு வெச்சுத் திரும்ப ஓட்டுறது, அதுவும் அதே பதிப்புலதான் வந்துச்சு.

சரி, கதைக்கு வர்றேன்.

நாப்பது ஷீட்டுக்கு மேல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அஞ்சாறு கர்வ்ஸ். கையால ஒவ்வொண்ணா டபுள் கிளிக் பண்ணிப் புள்ளியைக் கீழ இழுக்கலாம். முடியாதுன்னு இல்ல. ஆனா நாலாவது ஷீட்டுக்கு அப்புறம் கண்ணு ஒரு மாதிரி பழகிடும். முதல் ஷீட்ல மாநிறமா வெச்ச முகம் பத்தாவது ஷீட்ல வேற நெறமா நிக்கும். ஆல்பத்தைப் பொரட்டும்போது ஒரே பொண்ணு மூணு நெறத்துல தெரிவா. கண்ணால பண்ற கலர் கரெக்‌ஷன்ல இது ஒரு பெரிய தொல்லை. எண்ணால பண்ணா இது வராது.

முதல்ல ஆக்‌ஷன்ல ஓட்டிப் பார்த்தேன். ஆக்‌ஷன் நாம பதிஞ்ச எண்ணை அப்படியே எல்லாத்து மேலயும் போடும். ஒரு முகத்துக்கு 128-ஐ 168-க்குத் தூக்கியிருக்கார், இன்னொரு முகத்துக்கு 110-ஐ 142-க்கு. ரெண்டுக்கும் ஒரே வளைவைப் போட்டா மண்டபத்துக்குள்ள எடுத்தது இருட்டாகும், வெயில்ல எடுத்தது அப்படியே நிக்கும். அவர் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் பார்த்துத்தான் வளைச்சிருக்கார். அந்தக் கணிப்பு சரிதான், அளவுதான் ஜாஸ்தி. அந்த அளவை மட்டும் கொறைக்கணும்.

அதுக்கு நான் பிடிச்ச கணக்கு இது:

புது வெளியீடு = உள்ளீடு + (பழைய வெளியீடு − உள்ளீடு) × 0.25

128, 168-ஆ இருந்துச்சா? வித்தியாசம் 40. அதுல கால் பங்கு 10. ஆக 138.
110, 142-ஆ இருந்துச்சா? வித்தியாசம் 32. கால் பங்கு 8. ஆக 118.

அவர் பார்த்த வெளிச்சக் கணக்கு அப்படியே இருக்கும், வெளுப்பு மட்டும் நாலுல ஒரு பங்காயிடும். (மொத்தமா எடுத்துட்டா என்னன்னு கேப்பீங்க. மண்டபத்துல முகத்துல நெழல் விழுந்த படத்துக்கு அந்தக் கொஞ்சம் தேவைதான். மேல இருந்து வர்ற லைட்டு கண்ணுக்குக் கீழ குழி காட்டும்.)

கணக்கு கையில இருக்கு. இப்ப இதை லேயருக்குள்ள எப்படி எழுதுறது?

போட்டோஷாப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதலாம்ங்கிறது நம்ம ஆளுங்கள்ல பல பேருக்குத் தெரியாது. 2002-ல 7.0-க்குத் தனி ப்ளக்-இன்னா வந்துச்சு, அடுத்த வருசம் சி.எஸ்-ல உள்ளயே சேர்ந்துடுச்சு. ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதலாம். "இந்த ஃபைலைத் தெற, இந்த லேயரோட பேரைச் சொல்லு, கண்ணை மூடு, ஒபாசிட்டியைப் பாதியாக்கு"ன்னா கேக்கும். ஒரு லேயர் கர்வ்ஸா லெவல்ஸான்னு கேட்டாலும் சொல்லும். ஆனா "இந்த கர்வ்ஸுக்குள்ள என்ன புள்ளி இருக்கு, அதை மாத்து"ன்னா, அந்த நேர்வழியில கதவு இல்ல. வளைவு போடுற கட்டளை ஒண்ணு இருக்கு, அது படத்தோட பிக்சலையே மாத்திப்புடும். எனக்கு வேண்டாதது அதுதான்.

ஒபாசிட்டியைக் கொறைச்சு ஓட்டிடலாமேன்னு தோணும். நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். ஒபாசிட்டியை 25 ஆக்குனா கணக்குப்படி ஏறக்குறைய இதே விடைதான் வரும். ஆனா அவர் சில லேயருக்கு ஒபாசிட்டியை ஏற்கெனவே கொறைச்சு வெச்சிருந்தார், சில லேயர்ல கலப்பு முறை நார்மலா இல்லாம வேற மாதிரி. அங்கெல்லாம் அது வேற விடை குடுக்குது. அதோட சிவப்பு, நீல சேனலுக்குத் தனியா போட்ட வளைவையும் சேர்த்துக் கரைச்சுடும். மேடையில கலர் லைட்டோட ஊதாவைக் கொறைக்க நீலத்துல அவர் போட்ட வளைவு நல்ல வேலை. அதை விட்டுட்டு மொத்தச் சேனல்ல இருக்குற வளைவை மட்டும்தான் தொடணும்.

அதுக்கு இருக்குற வழி ஆக்‌ஷன் மேனேஜர். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மெனுவுல நாம எதைத் தட்டுனாலும் போட்டோஷாப் உள்ளுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்குது. "செய்ய வேண்டியது: மாத்து. யாரை: இப்ப தேர்ந்தெடுத்த அட்ஜஸ்ட்மெண்ட் லேயரை. எப்படி: இந்த வளைவா." அந்தச் சீட்டுக்கு டிஸ்கிரிப்டர்னு பேரு. நாமளே அந்தச் சீட்டை எழுதிக் குடுத்தா, மனுசன் மவுஸ்ல பண்ணதா ஸ்கிரிப்ட் பண்ணதான்னு அது பார்க்காது, செஞ்சுடும்.

சீட்டை எப்படி எழுதணும்னு யாரு சொல்லித் தர்றது?

அதுக்குத்தான் ஸ்கிரிப்ட் லிஸனர்னு ஒரு ப்ளக்-இன் இருக்கு. அடோபியே குடுக்குறாங்க. போட்டு வெச்சுட்டா, நாம பண்ற ஒவ்வொண்ணையும் டெஸ்க்டாப்ல ஒரு லாக் ஃபைல்ல ஜாவாஸ்கிரிப்ட்டா எழுதிட்டே வரும். ஒரு கர்வ்ஸைத் தெறந்து ஒரே ஒரு புள்ளியை நகத்துனேன். லாக்குல நெறைய வரி. ஐடி 1, ஐடி 2ன்னு பேரு வெச்சு முழ நீளத்துக்கு நிக்குது. படிச்சுட்டே போனா நடுவுல நம்ம எண்ணு ரெண்டும் தெரியும். 128. 138. அதைப் பார்த்தப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! பூட்டுன பெட்டிக்குள்ள என்னமோ இருக்குன்னு பல வருசமா நெனச்சது, வெறும் ரெண்டு எண்ணா முன்னாடி நிக்குது. அந்த எண்ணு இருக்குற எடத்துல நம்ம கணக்கோட பேரைப் போட்டா முடிஞ்சுது.

இறங்கிப் பார்க்குறவங்களுக்கு ரெண்டு மூணு குறிப்பு. இதெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க நேரம் ஆகும், அதான் சொல்றேன்.

லாக்குல வர்ற பழைய குறியெல்லாம் நாலெழுத்து. கர்வ்ங்கிறதுக்கு சி, ஆர், வி, அப்புறம் ஒரு காலி எடம். அந்தக் காலி எடமும் ஒரு எழுத்துதான். அதை விட்டா ஓடாது. 'மேக்'குக்கு ரெண்டு காலி எடம். இதுக்குப் பதிலா முழுப் பேரைச் சொல்ற முறையும் இருக்கு, அதுலயே எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு நமக்கே புரியும். (அந்த முறையில வளைவோட ஒவ்வொரு புள்ளிக்கும் 'பெயிண்ட்'னு பேரு வரும். தப்பா இருக்கேன்னு மாத்திடாதீங்க, அதுதான் சரி.)

மாத்தணும்னா மாத்துங்க, அழிச்சுட்டுப் புதுசா போடாதீங்க. அழிச்சா அதோட மாஸ்க்கும் போயிடும். அந்த டிசைனர் முகம் முகமா வரைஞ்ச மாஸ்க்குதான் இந்த ஃபைல்லயே பெரிய உழைப்பு. மாத்துற கட்டளையைக் குடுத்தா மாஸ்க் அசையாது.

லேயரைப் பேரால பிடிக்காதீங்க, ஐடியால பிடிங்க. ஒரே பேர்ல பத்து லேயர் இருக்கும். ஐடி ஒவ்வொரு லேயருக்கும் தனி, மேல கீழ நகத்துனாலும் மாறாது.

சரி, எழுதுறது தெரிஞ்சுது. பழைய எண்ணைப் படிக்கிறது? கணக்குக்கு அது வேணுமே.

இதுதான் இருக்குறதுலயே சிக்கலான எடம். போட்டோஷாப் கிட்டயே "இந்த லேயர்ல என்ன இருக்கு"ன்னு கேக்கலாம். ஆனா கர்வ்ஸ் மாதிரி பழைய வகை லேயருக்கு அது பேரோட பிரிச்சுத் தராம, மொத்தமா பைட்டுக் கட்டாத் தூக்கிக் குடுக்கும். பிரிக்கிறது நம்ம பாடு. நல்லவேளையா பி.எஸ்.டி ஃபைல் உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்ங்கிற விவரத்தை அடோபி பொதுவுல வெளியிட்டிருக்காங்க. அதுல கர்வ்ஸ் எப்படி எழுதியிருக்கும்னு தெளிவா இருக்கு. ஒரு புள்ளிக்கு ரெண்டு எண்ணு, ஒவ்வொண்ணும் ரெண்டு பைட்டு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: முதல்ல வர்றது வெளியீடு, அதுக்கப்புறம்தான் உள்ளீடு. பள்ளிக்கூடத்துல கிராப் போடும்போது எக்ஸ் முதல்ல, ஒய் அப்புறம்னு படிச்ச பழக்கத்துல போனா மொத்தமும் தலைகீழாயிடும்.

நான் படிக்கிற வேலையை மட்டும் பைத்தான்ல வெச்சுக்கிட்டேன். பி.எஸ்.டி-டூல்ஸ்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு. போட்டோஷாப்பைத் தெறக்காமலே ஃபைலுக்குள்ள போய், எது கர்வ்ஸ் லேயர், அதுல என்ன புள்ளின்னு எடுத்துக் குடுத்துடும். அதை ஒரு அட்டவணையா போட்டேன். ஃபைல் பேரு, லேயர் ஐடி, பழைய புள்ளி, புதுப் புள்ளி. ஒரு ஆல்பம் பூரா ஒரே பக்கத்துல தெரியுது! எந்த ஷீட்ல யாரை எவ்வளவு வெளுத்திருக்குன்னு கண்ணுக்கு நேரா எண்ணா இருக்கு. மணமகன் முகத்துக்கு ஏத்துனது பத்து பன்னெண்டுதான். பொண்ணு முகத்துக்கு முப்பது நாப்பது. இதை நான் சும்மா சொல்லல, அட்டவணையில இருந்தது.

அப்புறம் ஸ்கிரிப்ட் செஞ்சது இவ்வளவுதான்:

ஃபைலைத் தெற.
லேயரை ஒவ்வொண்ணா பாரு.
குரூப் வந்தா உள்ள போய்ப் பாரு, அதுக்குள்ள குரூப் இருந்தா அதுக்குள்ளயும் போ.
கர்வ்ஸா? அட்டவணையில அதோட ஐடியைத் தேடு.
புதுப் புள்ளியைப் போடு.
வேற ஃபோல்டர்ல வேற பேர்ல சேவ் பண்ணு.
அடுத்தது.

எல்லா மாத்தத்தையும் ஹிஸ்டரியில ஒரே வரியா வர்ற மாதிரி கட்டிட்டேன். சோதிக்கும்போது ஒரே ஒரு அன்டூவுல ஷீட் பழையபடி ஆயிடணும்ல. டயலாக் எதுவும் வராம அணைச்சு வெச்சேன். இது ரொம்ப முக்கியம். "திருமண நல்வாழ்த்துகள்"னு போட்டிருக்குற பாமினி ஃபாண்ட் நம்ம சிஸ்டத்துல இல்லைன்னா ஒவ்வொரு ஷீட்டைத் தெறக்கும்போதும் ஃபாண்ட் காணோம்னு கேட்டு நின்னுடும். எழுத்து லேயரை நாம தொடப் போறதில்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஓட விட்டுட்டு வாசல்ல போய் நின்னேன். ஒரு டீ குடிச்சுட்டு வந்தா ஷீட் எல்லாம் வரிசையா சேவ் ஆகிக் கெடக்குது.

சின்னச் சின்ன ஜேபெக்கா எடுத்து ஒரே பக்கத்துல அடுக்கிப் பார்த்தேன். முகூர்த்தம், மாலை மாத்துறது, சாப்பாட்டுப் பந்தி, அணையில எடுத்த அவுட்டோர். எல்லாத்துலயும் ஒரே பொண்ணு. மாநிறம். நெத்தியில வேர்வை மினுக்கு. கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரே நெறம், முன்னாடி ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுட்டு இருந்துச்சு. மாம்பழக் கலர் பட்டு அந்த நெறத்து மேலதான் எடுத்துக் காட்டுது. வெளுத்த முகத்துக்குப் பக்கத்துல அந்தப் பட்டே மங்கித் தெரிஞ்சுது.

அம்மாகிட்டக் காட்டுனேன். ஒரு ஷீட்ல நின்னு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுதான் தம்பி"ன்னாங்க.

நெறத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த வெளுப்புப் பழக்கம் போட்டோஷாப்போட வந்தது இல்ல. கலர் பிலிம் காலத்துல லேபுங்களுக்குக் கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்புவாங்க, ஷெர்லி கார்டுன்னு பேரு. அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருப்பாங்க. அந்த முகம் சரியா வந்தா மிஷின் சரியா இருக்குன்னு கணக்கு. உலகம் பூரா லேபுல நெறத்துக்கு அளவுகோலு அந்த ஒரு முகம். கனடா ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் 2009-ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. கறுப்பு, பழுப்புத் தோலோட நெறத்தைப் பிலிம் சரியா வாங்கணும்ங்கிற கவலை கம்பெனிக்கு வந்ததுக்கு, மரச் சாமான் செய்யறவங்களும் சாக்லேட் செய்யறவங்களும் அவங்க சரக்கோட பழுப்பு சரியா வரலைன்னு சொன்னது ஒரு காரணம்னு அதுல இருக்கு. மனுசங்க முகத்துக்காக வராத கவலை மரச் சாமானுக்காக வந்திருக்கு. படிச்சப்ப எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. இப்பவும் இருக்கு.

அந்த அளவுகோலைத்தான் இன்னைக்கும் நாம கர்வ்ஸ்ல கைப்பட இழுத்துட்டு இருக்கோம். நான் இனிமே என் வேலையில முகத்துக்குப் போடுற ஏத்தத்துக்கு ஒரு உச்ச வரம்பு வெச்சுட்டேன். ஸ்கிரிப்ட்லயே எழுதியாச்சு. வாடிக்கையாளர் இன்னும் தூக்கச் சொன்னா, பொண்ணு கிட்டயே கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லிடுவேன்.

இதே ஸ்கிரிப்ட்டை வெச்சு இன்னொரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். எனக்கு இதுதான் பெருசு.

1980-கள்ல எடுத்த கலர் போட்டோ உங்க வீட்டுலயும் இருக்கும். எடுத்துப் பாருங்க. மொத்தமும் செவப்பா, ஆரஞ்சா போயிருக்கும். அது ஏன் அப்படி ஆகுது? கலர் பிரிண்ட்டுல மூணு சாயம் இருக்கு: சியான், மெஜந்தா, மஞ்சள். ஆல்பத்துக்குள்ள இருட்டுல கெடந்தாலும் பழைய பேப்பர்ல சியான் சாயம்தான் முதல்ல மங்கும். சிவப்பு வெளிச்சத்தைத் தடுத்துட்டு இருந்தது அந்தச் சியான்தான். அது போச்சுன்னா படம் பூரா சிவப்பு வழிஞ்சு நிக்கும். ஸ்கேன் பண்ணிச் சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தா, கறுப்பா இருக்க வேண்டிய தலைமுடி கூட 90-ல நிக்கும். 0-ல இருந்து 90 வரைக்கும் ஒண்ணுமே இருக்காது.

விவரம் அழியல, நெருக்கி உக்காந்திருக்கு. அவ்வளவுதான். லெவல்ஸ் லேயர்ல சிவப்புக்கு மட்டும் கறுப்புப் புள்ளியை 90-க்குக் கொண்டு வந்தா மேல இருக்குறது எல்லாம் விரிஞ்சு எடம் பிடிக்கும். வேட்டி வெள்ளையாகும், தென்னமரம் பச்சையாகும்.

இதுக்கு ஸ்கிரிப்ட் ரொம்பப் பொருத்தம். ஒவ்வொரு சேனலோட ஹிஸ்டோகிராமும் 256 எண்ணா ஸ்கிரிப்ட்டுக்குக் கெடைக்கும், இதுக்கு நேர்வழியே இருக்கு. கீழ இருந்து கூட்டிட்டே வந்து, மொத்தப் பிக்சல்ல அரை சதவீதம் எங்க தாண்டுதோ அதைக் கறுப்புப் புள்ளியா எடுத்துக்கறேன். மேல இருந்து அதே மாதிரி வெள்ளைப் புள்ளி. மூணு சேனலுக்கும் எடுத்து லெவல்ஸ் லேயருக்குள்ள எழுதிடும். (பிரிண்ட்டைச் சுத்தி இருக்குற வெள்ளை ஓரத்தை ஒரு காப்பியில வெட்டிட்டு அளக்கணும். இல்லைன்னா அந்த ஓரமே வெள்ளைப் புள்ளியை முடிவு பண்ணிடும்.) அது முதல் படி மட்டும்தான். அதுக்கப்புறம் நான் உக்காந்து, அந்த வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சேலை நெறம் கேட்டுக் கேட்டு எண்ணை மாத்துவேன். "அது மயில் கழுத்துக் கலருப்பா"ன்னு ஒரு ஆத்தா சொல்லும்போது எந்த ஹிஸ்டோகிராமும் அதுக்கு முன்னாடி நிக்க முடியாது. எண்ணா இருக்குறதால எப்ப வேணாலும் மாத்திக்கலாம்.

கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு இந்தச் சாயத் தொல்லை கெடையாது, அது வெள்ளி. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல ஆரம்பிச்சு, 1967-ல உற்பத்திக்கு வந்து, 'இந்து'ங்கிற பேர்ல பிலிமும் பேப்பரும் போட்டுச்சு. நம்ம ஊர் ஸ்டூடியோ ஆளுங்களுக்கு அந்தப் பேரு நல்லா ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்ட் பழுத்துப் போயிருந்தா, பல சமயம் ஹைப்போங்கிற மருந்தை நல்லா அலசாம விட்டதுதான் காரணம். அதுக்கு வேற மாதிரி வளைவு. தனியா ஒருநாள் எழுதறேன்.

இந்த மாதிரி ஊர் ஸ்டூடியோ படங்களை யாரு மதிக்கிறாங்கன்னு நெனைக்காதீங்க. பிரிட்டிஷ் நூலகத்தோட அழிநிலை ஆவணத் திட்டத்துல, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வழியா, தமிழ்நாட்டோட பழைய ஸ்டூடியோ குடும்பப் படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. ஆவணக் காப்பகத்துல வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் பொதுவான விதி ஒண்ணு உண்டு: முதல் ஸ்கேனைத் தொடக் கூடாது, திருத்தம் எதுவானாலும் தனியாத்தான். அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் அந்த விதியை ஒரே ஃபைலுக்குள்ள நமக்கு வசதியா ஆக்கிக் குடுக்குது. அசல் கீழ, நம்ம அபிப்பிராயம் மேல.

போட்டோஷாப்புக்கு மாசா மாசம் கட்ட முடியாதவங்க விட்டுடாதீங்க. கிம்ப் இலவசம், பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதலாம். 2025 மார்ச்ல 3.0 வந்ததுக்கு அப்புறம் கர்வ்ஸ், லெவல்ஸ் எல்லாம் படத்தை அழிக்காம லேயர் மேல ஃபில்டரா நிக்குது. ஃபோட்டோபீன்னு ஒண்ணு ப்ரவுசர்லயே ஓடும், பி.எஸ்.டி தெறக்கும், போட்டோஷாப் மாதிரியே ஸ்கிரிப்ட்டும் வாங்கிக்கும். போட்டோஷாப்ல புதுசா ஆரம்பிக்கிறவங்க பேட்ச்-ப்ளேன்னு இருக்குற முறையில போங்க. அதே துண்டுச் சீட்டுதான், எழுதுறது மட்டும் இன்னும் சுத்தமா இருக்கும்.

டிசைனர் தம்பிங்களுக்கு ஒரு வேண்டுகோள். எடம் அடைக்குதுன்னு பி.எஸ்.டி-யை ஃப்ளாட்டன் பண்ணி அழிக்காதீங்க. லேயரோட வெச்சு, கேட்டா குடுங்க. நீங்க போட்ட வளைவு அடுத்தவனுக்குப் புரியிற மாதிரி பேரு வைங்க.

வீட்டுல இருக்குறவங்களுக்கு: ஆடி மாசம் முகூர்த்தம் இல்ல, ஸ்டூடியோ எல்லாம் சும்மாதான் இருக்கும். பீரோவுல இருக்குற பழைய ஆல்பத்தை அந்த மாசத்துல எடுத்துட்டுப் போங்க. ஜேபெக்கா வாங்காதீங்க, டிஃப் ஃபைலா, 600 டி.பி.ஐ-ல, திருத்தம் எதுவும் பண்ணாத ஸ்கேனைக் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க. சியான் சாயம் இப்பவும் மங்கிட்டுத்தான் இருக்கு.